பரிசு 5 கோடி பவுண்டு, கேட்டது உங்கள் செல்பேசி எண்: பிரெக்ஸிட்டில் டேட்டாவும் கட்சிப் பற்றும்

2016 கோடையில் பிரிட்டனில் ஒரு பரிசுப்போட்டி அறிவித்தார்கள். பிரான்ஸில் நடக்கவிருந்த யூரோ கால்பந்துக் கோப்பையின் 51 ஆட்டங்களின் முடிவையும் சரியாகக் கணித்துச் சொன்னால் 5 கோடி பவுண்டு பரிசு. காசு ஒன்றும் கட்ட வேண்டாம். பெயர், செல்பேசி எண் மாதிரி சில விவரங்கள் கொடுக்க வேண்டும், அப்புறம் ஐரோப்பிய ஒன்றியம் பற்றிய பொதுவாக்கெடுப்பில் எந்தப் பக்கம் ஓட்டுப் போடுவதாக இருக்கிறீர்கள் என்று ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 51 ஆட்டத்தையும் சரியாகச் சொல்வது நடக்கிற காரியமா? யாருக்கும் அந்தப் பரிசு விழவில்லை.

போட்டியை நடத்தியது விளையாட்டுக் கம்பெனி இல்லை. ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று பிரசாரம் செய்த 'வோட் லீவ்' என்ற அமைப்பு. அதன் பிரசார இயக்குநராக இருந்த டொமினிக் கம்மிங்ஸ் பின்னாளில் இதை ஒளித்துப் பேசவில்லை. அரசியல் பக்கமே தலைவைத்துப் படுக்காத ஆட்களின் விவரங்களைத் திரட்டத்தான் அந்தப் போட்டி என்று அவரே எழுதினார்.

பிரெக்ஸிட், ஃபேஸ்புக், டேட்டா என்றதும் நம்மில் பலருக்குக் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் பெயர்தான் நினைவுக்கு வரும், யாரோ மந்திரம் போட்டு ஒரு நாட்டின் மனதையே மாற்றிவிட்டார்கள் என்கிற மாதிரி ஒரு கதையும் கூடவே வரும். எனக்கு அந்தக் கதையில் நம்பிக்கை குறைவு. இந்தக் கால்பந்துப் போட்டியைப் புரிந்துகொண்டால் விஷயத்தில் பாதி புரிந்துவிடும் என்பது என் கட்சி. மீதிப் பாதி, பிரிட்டிஷ் மக்களின் கட்சிப் பற்றுக்கு என்ன ஆனது என்பது.

முதலில் பழைய முறையைப் பார்ப்போம். பிரிட்டனில் தேர்தல் என்றால் கதவைத் தட்டுவதுதான். கட்சித் தொண்டர் வீடு வீடாகப் போய் 'இந்தத் தடவை யாருக்குப் போடப்போகிறீர்கள்?' என்று கேட்டு, பதிலைக் குறித்துக்கொண்டு வருவார். முழு வாக்காளர் பட்டியலைக் கட்சிகள் சட்டப்படியே வாங்கிக்கொள்ளலாம். அதோடு, போன தேர்தலில் யார் யார் ஓட்டுப் போட வந்தார்கள் என்று குறியிட்ட பட்டியலும் கிடைக்கும் (யாருக்குப் போட்டார்கள் என்பது இருக்காது, வந்தாரா வரவில்லையா என்பது மட்டும்தான்). இதெல்லாம் வருடக்கணக்காகச் சேர்ந்து கட்சியின் கணினியில் உட்கார்ந்திருக்கும். இதன் மேல் வணிக டேட்டாவையும் பூசுவார்கள். எக்ஸ்பீரியன் நிறுவனத்தின் 'மொசைக்' என்ற வகைப்பாடு இருக்கிறது, அது வருமானம், வயது, வீடு, வாங்கும் பழக்கம் எல்லாவற்றையும் வைத்துப் பிரிட்டிஷ் வீடுகளை டஜன் கணக்கான ரகங்களாகப் பிரித்துவைத்திருக்கும். கட்சிகள் அதையும் காசு கொடுத்து வாங்கும்.

இந்த ஏற்பாடு முழுக்க ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: மனிதர்கள் எளிதில் கட்சி மாற மாட்டார்கள். அப்பா லேபர், மகன் லேபர், பேரனும் லேபர். சுரங்கம் இருந்த ஊர் என்றால் லேபர், வசதியான கிராமப்புறம் என்றால் கன்சர்வேட்டிவ். அந்தப் பற்று 1960-களிலிருந்தே மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டு வந்ததுதான், ஆனாலும் வேலையை நடத்துவதற்குப் போதுமானதாக இருந்தது. தன் ஆட்கள் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று கட்சிக்குத் தெரியும், தேர்தலன்று அவர்களை வாக்குச்சாவடிக்குக் கிளப்பிவிட்டால் முக்கால் வேலை முடிந்தது.

பொதுவாக்கெடுப்பு இந்தக் கணக்கைக் கலைத்துப் போட்டது. கேள்வி ஒன்றுதான்: ஒன்றியத்தில் இருப்பதா, வெளியேறுவதா? அந்தக் கேள்விக்கும் கட்சிக்கும் நேர்கோட்டுத் தொடர்பு கிடையாது. பிரதமர் டேவிட் கேமரன் கன்சர்வேட்டிவ், 'இருப்போம்' என்றார். அவர் கட்சிக்காரர்களான போரிஸ் ஜான்சனும் மைக்கேல் கோவும் 'வெளியேறுவோம்' என்றார்கள். லேபரைச் சேர்ந்த கிசெலா ஸ்டூவர்ட் அவர்களோடு ஒரே மேடையில் நின்றார். லேபர் தலைவர் ஜெரமி கார்பின் 'இருப்போம்' பக்கம்தான், ஆனால் ஒன்றியத்தின் மேல் உங்களுக்கு ஆர்வம் பத்துக்கு எத்தனை என்று டிவியில் கேட்டதற்கு ஏழு, ஏழரை என்றார். தலைவரே ஏழரை என்றால் தொண்டன் எதைச் சொல்லிக் கதவைத் தட்டுவது?

முடிவு தெரிந்ததுதான். 2016 ஜூன் 23 அன்று 'வெளியேறுவோம்' பக்கம் 51.9 சதவீதம், 'இருப்போம்' பக்கம் 48.1 சதவீதம். வித்தியாசம் சுமார் 12.7 லட்சம் ஓட்டு. அதற்குள்ளே பாருங்கள்: ஆஷ்கிராஃப்ட் பிரபு அன்றைக்கே நடத்திய பெரிய கருத்துக்கணிப்பின்படி, கன்சர்வேட்டிவ் வாக்காளர்களில் 58 சதவீதம் பேர் தங்கள் பிரதமர் சொன்னதைக் கேட்கவில்லை, லேபர் வாக்காளர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளியேறச் சொல்லி ஓட்டுப் போட்டார்கள். சண்டர்லாந்து மாதிரியான பழைய லேபர் கோட்டையில் 61 சதவீதம் 'வெளியேறுவோம்'. லண்டனின் லாம்பெத்தில் 78 சதவீதத்துக்கு மேல் 'இருப்போம்'. இரண்டும் லேபர் ஊர்கள்தான்!

ஆக, கட்சிகள் சேர்த்துவைத்திருந்த பட்டியலை வைத்துக்கொண்டு இந்தத் தேர்தலை நடத்த முடியாது. இந்த வீடு லேபர் வீடு என்பது தெரியும், அந்த வீட்டில் இருப்பவர் ஒன்றியத்தைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது தெரியாது. வோட் லீவுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு, அது கட்சியே இல்லை, புதிதாகத் தொடங்கிய அமைப்பு, கையில் பழைய பட்டியல் எதுவும் கிடையாது. அந்தப் பற்றாக்குறைதான் அவர்களை டேட்டா பக்கம் தள்ளியது என்று நினைக்கிறேன். பழைய வரைபடம் செல்லாத ஊரில், வரைபடமே இல்லாமல் வந்தவனுக்கு நஷ்டம் குறைவு.

சரி, கால்பந்துப் போட்டியில் கிடைத்த செல்பேசி எண்ணை வைத்து என்ன செய்வது? இங்கேதான் ஃபேஸ்புக் வருகிறது. விளம்பரம் கொடுப்பவர் தன்னிடம் இருக்கும் எண்களையும் ஈமெயில்களையும் ஃபேஸ்புக்கில் ஏற்றலாம். யார் யார் அந்த எண்ணில் கணக்கு வைத்திருக்கிறார்களோ அவர்களை மட்டும் பார்த்து ஃபேஸ்புக் விளம்பரத்தைக் காட்டும். இது முதல் படி. இரண்டாவது படிதான் கில்லாடித்தனம்: 'இவர்களை மாதிரியே இருக்கும் வேறு ஆட்களைக் கண்டுபிடித்துக் கொடு' என்று கேட்கலாம். வயது, ஊர், எந்தப் பக்கத்துக்கு லைக் போட்டார், எதில் விரல் நின்றது என்பதையெல்லாம் ஒப்பிட்டு, அதே சாயலில் லட்சக்கணக்கானவர்களை அது எடுத்துக் கொடுக்கும். விளம்பரம் கொடுப்பவருக்கு அவர்களின் பெயர் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. மூன்றாவது படி, ஒரே விஷயத்தைப் பல விதமாக எழுதி, படத்தை மாற்றி, நிறத்தை மாற்றி, எதை அதிகம் பேர் அழுத்துகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே பணத்தை அந்தப் பக்கம் நகர்த்துவது. சோப்பு விற்பவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலைதான் இது.

லைக்கிலிருந்து ஒருவரின் அரசியலைக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டால், ஓரளவுக்கு முடியும். 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சம்மதம் கொடுத்த 58,000 பேரின் லைக்குகளை மட்டும் வைத்து, அமெரிக்கர் ஒருவர் ஜனநாயகக் கட்சியா குடியரசுக் கட்சியா என்பதை 85 சதவீதம் சரியாகப் பிரித்துக் காட்டினார்கள். இது உண்மை. ஆனால் ஒருவர் எந்தக் கட்சி என்று கண்டுபிடிப்பது வேறு, அவரைக் கட்சி மாற வைப்பது வேறு. பேச்சில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பாதித் தவறு நடக்கிறது.

வோட் லீவ் விளம்பரங்கள் எப்படி இருந்தன என்று ரொம்ப நாளைக்கு வெளியே யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாருக்குக் காட்டினார்களோ அவர்கள் மட்டும்தான் பார்த்தார்கள், காட்டி முடிந்ததும் காணாமல் போய்விட்டது. 2018 ஜூலையில் நாடாளுமன்றக் குழு கேட்டதற்குப் பிறகுதான் ஃபேஸ்புக் அவற்றை ஒப்படைத்தது. பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். துருக்கி ஒன்றியத்தில் சேரப்போகிறது என்று பயமுறுத்தும் விளம்பரம் ஒன்று. உங்கள் டீயைக் கெடுக்கப் பார்க்கிறார்கள் என்று கெட்டில் படத்தோடு ஒன்று. பனிக்கரடியைக் காப்பாற்ற ஒன்றியம் நம்மை விடமாட்டேன் என்கிறது என்று ஒன்று. ஸ்பெயினின் காளைச் சண்டையைக் காட்டி விலங்குப் பிரியர்களுக்கு ஒன்று. பனிக்கரடி விளம்பரத்தைப் பார்த்தவர் துருக்கி விளம்பரத்தைப் பார்க்காமலே போயிருக்கலாம். ஊர் முழுக்கத் தெரிந்தது அந்தச் சிவப்புப் பேருந்துதான், வாரம் 35 கோடி பவுண்டை ஒன்றியத்துக்குக் கொடுக்கிறோம் என்று அதில் எழுதியிருந்தது. பிரிட்டனுக்குக் கிடைத்த தள்ளுபடியைக் கழிக்காத கணக்கு அது, தவறாக வழிநடத்துகிறது என்று நாட்டின் புள்ளிவிவர ஆணையமே சொன்னது. பேருந்தில் எழுதியதால் சொல்ல முடிந்தது, ஆளுக்கொன்றாகப் பிரித்து அனுப்பிய பொய்யை யார் பார்த்துச் சொல்வது? இந்த முழு விவகாரத்தில் என்னை உறுத்துவது இதுதான், டேட்டா திருட்டைவிட.

சிறப்பு இலக்கு வைத்த இணைய விளம்பரங்கள் கிட்டத்தட்ட நூறு கோடி முறை காட்டப்பட்டன என்றும், தபால் ஓட்டுப் போடும் சமயத்திலும் கடைசிப் பத்து நாட்களிலும் அதிகம் என்றும் கம்மிங்ஸ் எழுதியிருக்கிறார். செய்து கொடுத்தது கனடாவின் விக்டோரியா நகரத்தில் இருந்த அக்ரிகேட்ஐக்யூ என்ற சின்ன நிறுவனம். வோட் லீவ் அதற்குக் கொடுத்தது சுமார் 27 லட்சம் பவுண்டு. அதிகாரபூர்வப் பிரசார அமைப்புக்குச் செலவு உச்சவரம்பே 70 லட்சம்தான். வரம்பு நெருங்கியபோது, இளைஞர்கள் நடத்திய 'பிலீவ்' என்ற குழுவின் பெயரில் அதே கனடா நிறுவனத்துக்கு இன்னும் 6.75 லட்சம் போனது. இரண்டு அமைப்பும் சேர்ந்து செய்த வேலை இது, வரம்பு மீறல் என்று தேர்தல் ஆணையம் 2018-இல் வோட் லீவுக்கு 61,000 பவுண்டு அபராதம் போட்டது. (பிலீவ் குழுவை நடத்திய இளைஞருக்குப் போட்ட 20,000 பவுண்டு அபராதத்தை நீதிமன்றம் மறு ஆண்டு ரத்து செய்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.) கால்பந்துப் போட்டிக்கும் ஒரு பில் வந்தது: போட்டியில் கலந்துகொண்டவர்களின் எண்களுக்கும் சேர்த்து, சரியான சம்மதம் இல்லாமல் கிட்டத்தட்ட 2 லட்சம் எஸ்எம்எஸ் அனுப்பியதற்காக, மக்களின் சொந்த விவரங்களின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் தகவல் ஆணையர் அலுவலகம் 2019 மார்ச்சில் 40,000 பவுண்டு வசூலித்தது.

இப்போது கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா. ஆளுமைத் தேர்வு என்று சொல்லி ஒரு செயலி, அதை நிறுவியவர்கள் சுமார் மூன்று லட்சம் பேர்தான். ஆனால் அந்தக் காலத்து ஃபேஸ்புக்கில் ஒருவர் அனுமதி கொடுத்தால் அவருடைய நண்பர்களின் விவரத்தையும் செயலி எடுத்துக்கொள்ளலாம், அப்படியே ஊதிப்போய் 8.7 கோடிப் பேரின் விவரம் வரை போனது, அதில் பிரிட்டனில் மட்டும் சுமார் 10 லட்சம். 2018 மார்ச்சில் கிறிஸ்டோபர் வைலி என்ற முன்னாள் ஊழியர் வாயைத் திறந்ததும் உலகமே பற்றிக்கொண்டது. ஃபேஸ்புக்குக்குப் பிரிட்டனில் அன்றிருந்த சட்டப்படி அதிகபட்ச அபராதமான 5 லட்சம் பவுண்டு விழுந்தது, அமெரிக்காவில் 500 கோடி டாலர். நம்பிக்கைத் துரோகம், சந்தேகமே இல்லை. ஆனால் பிரெக்ஸிட்டில் அதன் பங்கு என்ன? தகவல் ஆணையர் அலுவலகம் மூன்று வருடம் விசாரித்து 2020 அக்டோபரில் சொன்னது: ஒன்றியத்தை விட்டு வெளியேறுவதையே கொள்கையாகக் கொண்ட யுகிப் கட்சியின் டேட்டா சம்பந்தமாக ஆரம்பத்தில் சில விசாரிப்புகள் நடந்தன, அதைத் தாண்டிப் பொதுவாக்கெடுப்பில் அந்த நிறுவனம் வேலை செய்ததாகத் தெரியவில்லை. முதல் செய்தி படித்தவர்களில் பலர் இந்தக் கடைசிச் செய்தியைப் படிக்கவில்லை.

அதோடு, டேட்டா விளையாட்டு ஒரு பக்கத்தின் ஏகபோகமும் இல்லை. 2015 பொதுத்தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி ஃபேஸ்புக்குக்கு மட்டும் 12 லட்சம் பவுண்டு செலவழித்தது, லேபர் வெறும் 16,000. அடுத்த தேர்தலுக்குள் லேபரும் பாடம் கற்றுக்கொண்டது, கொஞ்சம் அதிகமாகவே. எம்மாஸ் டைரி என்று கர்ப்பிணிகளுக்கும் புதுத் தாய்மார்களுக்கும் ஆலோசனை சொல்லும் தளம் ஒன்று, அதில் பதிவு செய்த 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரம் எக்ஸ்பீரியன் வழியாக லேபர் கட்சியின் பிரசாரத்துக்குப் போனது. குழந்தை பிறக்கும் தேதி கேட்டால் எந்தத் தாய் இது ஓட்டுக்காக என்று நினைப்பாள்? விற்ற நிறுவனத்துக்கு 1.4 லட்சம் பவுண்டு அபராதம்.

இவ்வளவு செய்தும் மனம் மாறுமா? அமெரிக்கத் தேர்தல்களில் நடத்திய 49 களப் பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து இரண்டு ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட கட்டுரையில், பொதுத்தேர்தலில் பிரசாரம் ஒருவரின் தேர்வை மாற்றும் அளவு சராசரியாகப் பூஜ்யம் என்று வந்தது. கட்சிப் பற்று கெட்டியாக இருக்கும் இடத்து நிலவரம் அது. பிரெக்ஸிட் மாதிரி கட்சி வழிகாட்டாத ஒற்றைக் கேள்வியில் கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கலாம், அது என் ஊகம். ஆனால் இன்னொன்று ஊகம் இல்லை: 2015 பொதுத்தேர்தலைவிட ஏறத்தாழ 28 லட்சம் பேர் அதிகமாக வந்து ஓட்டுப் போட்டார்கள். மனதை மாற்ற முடியாவிட்டாலும், வழக்கமாக வீட்டில் இருப்பவரை எழுப்பிவிடலாம். கால்பந்து ரசிகரின் எண் அதற்குத்தான்.

நம்மவர்களுக்கு ஒரு சின்னத் தொடர்பும் உண்டு. அந்த வாக்கெடுப்பில் பிரிட்டனில் குடியிருந்த பிரெஞ்சுக்காரரும் போலந்துக்காரரும் ஓட்டுப் போட முடியாது, ஆனால் காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில் இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருந்தவர்கள் போடலாம். ப்ரீத்தி படேல் போன்றவர்கள் அந்தக் கணக்கை அறிந்துதான் 'கறி ஹவுஸ்களைக் காப்பாற்றுவோம்' என்று கிளம்பினார்கள், ஐரோப்பியர் வரவு குறைந்தால் தெற்காசியாவிலிருந்து சமையல்காரர்களைக் கூட்டிவரலாம் என்று.

வாக்கெடுப்பு முடிந்தால் எல்லோரும் தத்தம் கட்சிக்குத் திரும்பிவிடுவார்கள் என்றுதான் பலர் நினைத்தார்கள். திரும்பவில்லை. ஒரு நாள் போட்ட ஓட்டு அடையாளமாக ஒட்டிக்கொண்டது. 'லீவர்', 'ரிமெயினர்' என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்களின் எண்ணிக்கை, கட்சிப் பெயரில் அடையாளம் சொன்னவர்களைத் தாண்டிப்போனது. எதிர்த்தரப்பு ஆளை மருமகனாகவோ மருமகளாகவோ ஏற்றுக்கொள்ளத் தயங்கும் அளவுக்குப் போனதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கட்சிகளே கிழிந்தன. 2019 பிப்ரவரியில் லேபர் எம்பிக்கள் ஏழு பேர் வெளியேறினார்கள், பின்னாலேயே கன்சர்வேட்டிவிலிருந்து மூன்று பேர். செப்டம்பரில் போரிஸ் ஜான்சன் தன் கட்சி எம்பிக்கள் 21 பேரைக் கட்சிக் குழுவிலிருந்து நீக்கினார், அதில் சர்ச்சிலின் பேரனும் ஒருவர். இடையில் மே மாதம் நடந்த ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில், பிறந்து சில மாதமே ஆன பிரெக்ஸிட் கட்சிக்கு 30 சதவீதம், நாட்டை ஆண்ட கன்சர்வேட்டிவுக்கு 9 சதவீதம்கூடத் தேறவில்லை.

கவனியுங்கள், இப்போது டேட்டாவுக்கும் புது வேலை வந்தது. முன்பு 'இவர் எந்தக் கட்சி?' என்று தேடிய பட்டியல், இப்போது 'இவர் லீவரா, ரிமெயினரா?' என்று தேடியது. அந்த ஒரு பதில் தெரிந்தால், பரம்பரை லேபர் வீட்டையும் தட்டிப் பார்க்கலாம். 2019 டிசம்பர் பொதுத்தேர்தலில் கன்சர்வேட்டிவ்கள் 'பிரெக்ஸிட்டை முடித்துவைப்போம்' என்ற ஒற்றை வரியோடு வட இங்கிலாந்தின் லேபர் தொகுதிகளுக்குள் நுழைந்தார்கள். டோனி பிளேர் இருந்த செட்ஜ்ஃபீல்டு விழுந்தது, 1970 முதல் டென்னிஸ் ஸ்கின்னர் வைத்திருந்த போல்சோவர் விழுந்தது. 1885-இல் உருவாக்கிய நாளிலிருந்து ஒருமுறைகூடக் கன்சர்வேட்டிவைத் தேர்ந்தெடுக்காத பிஷப் ஆக்லண்டும் விழுந்தது. மொத்தம் 365 இடங்கள்.

அதற்குப் பிறகு விதிகள் கொஞ்சம் இறுகின. அரசியல் விளம்பரங்களை யாரும் தேடிப் பார்க்கும்படி ஃபேஸ்புக் 2018-இல் நூலகம் ஒன்றைத் திறந்தது. இணைய விளம்பரத்திலும் கொடுத்தவர் பெயர் இருக்க வேண்டும் என்று 2022-இல் சட்டம் வந்தது.

பற்று மட்டும் இறுகவில்லை. 2024-இல் பிஷப் ஆக்லண்ட் லேபரிடமே திரும்பிப் போனது. 2015-இல் யுகிப் ஜெயித்த ஒரே தொகுதியான கிளாக்டனில் இந்தத் தடவை ரிஃபார்ம் கட்சியின் பெயரில் (பழைய பிரெக்ஸிட் கட்சியின் புதுப் பெயர்தான் அது) யுகிப்பின் முன்னாள் தலைவர் நைஜல் ஃபராஜ் ஜெயித்தார். 2019-இல் மாங்கு மாங்கென்று திரட்டிய லீவர் பட்டியலில் யார் இன்னும் யாருடைய ஆள் என்று கண்டுபிடிக்க, கட்சிக்காரர்கள் மறுபடியும் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.